மடிப்பு விழுந்த டாலர்

2018 டிசம்பரில் சென்னையிலிருந்து ரங்கூனில் உள்ள அத்தை வீட்டுக்குச் சென்றிருந்தேன். கொண்டுபோன ஐந்து நூறு டாலர் நோட்டுகளை விமான நிலையத்திலும், மறுநாள் ஒரு வங்கியிலும், இரண்டு நாணய மாற்றுக் கடைகளிலும் காரணம் சொல்லாமலே திருப்பித் தந்தார்கள். பழைய நோட்டுகளோ என்று ஐயுற்றேன்; ஆனால் ஐந்துமே 2013-இல் புழக்கத்துக்கு வந்த நீலப் பட்டை நோட்டுகள். மடிப்புதான் காரணமோ என்று துணிக்கடியில் வைத்து இஸ்திரி போட்டும் பயனில்லை; மடிப்புக் கோடு மங்கியதே தவிர மறையவில்லை.

மூன்றாம் நாள் மாமா அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பணப்பையில் வைத்திருந்த இரண்டில் நடு மடிப்பு. கடவுச்சீட்டுக்குள் தட்டையாக வைத்திருந்த மூன்றில் ஒன்றின் ஓரத்தில், மிளகளவே உள்ள மை முத்திரை. முன்பு எவரோ ஒரு நாணய மாற்றுக்காரர் குத்தியதாக இருக்கலாம். பர்மாவில் மடிப்பும் மைக்கறையும் படாத நோட்டைத்தான் விரும்பி வாங்குவார்கள் என்றும், கட்டாக நீட்டினால் ஒன்றின் குறைக்காக எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள் என்றும் அவர் விளக்கினார்.

குறையற்ற இரண்டை மட்டும் தனியே நீட்டியதும், முன்பு மறுத்த அதே கடை, பலகையில் எழுதியிருந்த விலைக்கே பர்மாவின் நாணயமான கியாட் எண்ணித் தந்தது. சிறு மதிப்புள்ள டாலர் நோட்டுகளுக்கு அங்கே விலை குறைவு என்பதையும் அந்தப் பலகையில்தான் கண்டேன். எஞ்சிய மூன்றும் சென்னையில் மறுப்பின்றி மாறின.