புது வேலை: முதல் வாரத்துக்கான இங்கிலீஷ்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்து திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் (ஐ.டி. வளாகம்) சேர்பவர்களுக்கு மலையாளம் ஓரளவு கைகொடுக்கும். மெயிலும் மீட்டிங்கும் இங்கிலீஷில்தான்.

அறிமுகத்தில் 'மைசெல்ஃப் அனிதா' வேண்டாம். 'ஹாய், ஐ ஆம் அனிதா. ஐ ஜாயின்ட் த டெஸ்டிங் டீம் ஆன் மண்டே' போதும். ஊரைக் கேட்டால் 'ஐ ஆம் ஃப்ரம் நாகர்கோவில்'. 'ஐ ஆம் கமிங் ஃப்ரம்' என்றால் இப்போதுதான் அங்கிருந்து வந்துகொண்டிருப்பதாக அர்த்தமாகிவிடும். பழைய வேலையைப் பற்றி 'ஐ வொர்க்ட் தேர் ஃபார் டூ இயர்ஸ்' என்பதே சரி. 'சின்ஸ் டூ இயர்ஸ்' தப்பு: சின்ஸுக்குப் பின்னால் ஆண்டு, மாதம், நாள் என்று தொடங்கிய நேரம்தான் வரும், கால அளவு வராது.

புரியாமலே 'ஓகே சார்' என்று தலையாட்டுவதுதான் நம்மாட்களின் வம்பு. 'சாரி, கேன் யூ ரிப்பீட் த லாஸ்ட் பார்ட்?' என்று அங்கேயே கேளுங்கள். வேலை கொடுத்தால் 'வென் டு யூ நீட் இட்?' என்றும் கேட்டு, பதிலை ஒரு வரி மெயிலாகப் போட்டுவிடுங்கள்.

ஹெச்.ஆர். கேட்கும் யூ.ஏ.என்., பி.எஃப். கணக்குக்கான 12 இலக்க எண். முன்பே இருந்தால் அதையே கொடுங்கள். இன்னொன்று உருவானால் பழைய பணத்தை மாற்ற அலைச்சல். ஆதாரில் இனிஷியல், பான் கார்டில் அப்பாவின் முழுப்பெயர் என்றிருந்தால் கே.ஒய்.சி. என்ற அடையாளச் சரிபார்ப்பு இழுத்தடிக்கும். சேரும் முன்பே திருத்துங்கள்.