மனசுக்கு நெருக்கமான பொருட்களை வெளிநாட்டுக்கு கம்மி செலவுல அனுப்புறது எப்படி?

வெளிநாட்டுக்கு குடி மாறும்போது சோஃபா, பீரோ பத்தி பெருசா கவலைப்பட வேண்டாங்க, வித்துட்டு அங்க போய் வேற வாங்கிக்கலாம். ஆனா அம்மா கையால தைச்ச போர்வை, தாத்தா எழுதின லெட்டர் கட்டு, குழந்தையோட முதல் ஷூ இதெல்லாம் எந்த கடையிலயும் கிடைக்காது, அதனால காசையும் அதிகம் விடாம பொருளும் பத்திரமா போய் சேர என்ன பண்ணணும்னு வரிசையா சொல்றேன்.

ஸ்டெப் 1: மூணு குவியலா பிரிங்க

எல்லாத்தையும் தரையில பரப்பி வைங்க. தொலைஞ்சா திரும்ப கிடைக்கவே கிடைக்காதது முதல் குவியல், அதாவது ஒரே ஒரு காப்பி இருக்கிற போட்டோ, லெட்டர், நகை, ஹார்ட் டிஸ்க். இது கேபின் பையில உங்க கூடவே வரணும். இன்சூரன்ஸ் இருக்கேன்னு நம்பி பெட்டியில போட்டுடாதீங்க, அவங்க பொருளோட விலையைத்தான் பார்ப்பாங்க, தாத்தாவோட கையெழுத்துக்கு என்ன விலை போடுவாங்க? இது தெரியாம நான் ஒரு ஆல்பத்தை கப்பல்ல அனுப்பிட்டேன், வந்து திறந்து பார்த்தா ஈரம் ஏறி பிளாஸ்டிக் தாளோட போட்டோ ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, மெதுவா பிரிச்சும் முகம் அப்படியே உரிஞ்சு வந்துடுச்சு, இன்னைக்கும் அந்தப் பக்கத்தை திருப்ப மனசு வரல.

ரெண்டாவது குவியல் புக்ஸ், துணி, பாத்திரம் மாதிரி கொஞ்சம் அடி தாங்குறது. மூணாவது, பொருள் இல்லாட்டியும் அதோட ஒரு போட்டோ இருந்தா போதும்னு தோணுறது, இதை படம் எடுத்துட்டு சொந்தக்காரங்களுக்கு கொடுத்துடுங்க.

ஸ்டெப் 2: ஸ்கேன்

பழைய போட்டோவை 600 டிபிஐல (ஸ்கேன் எவ்வளவு தெளிவா வரணும்னு வைக்கிற அளவு) ஸ்கேன் பண்ணுங்க, லெட்டருக்கு 300 போதும். ஒரு காப்பி கிளவுட்ல, இன்னொண்ணு ஊர்ல இருக்கிற யாராவது கிட்ட.

ஸ்டெப் 3: டேப் எடுத்து அளங்க

பணம் மிச்சமாகுறதே இங்கதான். கூரியர்ல நிஜ எடை, பெட்டி அடைக்கிற இடத்தை வச்சு போடுற எடை, இந்த ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் காசு. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி பொதுவா 5000ஆல வகுப்பாங்க. 60க்கு 40க்கு 40 பெட்டியில அந்தப் போர்வையை வச்சா நிஜ எடை 6 கிலோவா இருந்தாலும் கணக்கு 19.2 கிலோன்னு வரும். அதையே காத்து உறிஞ்சுற கவர்ல போட்டு உயரத்தை 15க்கு கொண்டு வந்தீங்கன்னா வெறும் 7.2 கிலோ. போர்வை அதேதான், பில்லு பாதிக்கும் கீழ.

ஸ்டெப் 4: எது எதுல போகணும்

உப்பலா எடை கம்மியா இருக்கிறதுக்கு ஃப்ளைட்ல எக்ஸ்ட்ரா பேக்கேஜ் நல்லது, ஏன்னா நிறைய ஏர்லைன்ஸ்ல ஒரு பெட்டிக்கு இவ்வளவுன்னு ரேட், பல இடத்துல 23 கிலோவுக்குள்ளயும் மூணு பக்கமும் கூட்டினா 158 செ.மீ.க்குள்ளயும் இருக்கணும், மேல சொன்ன 60க்கு 40க்கு 40 பெட்டி கூட்டினா 140தான், தாராளமா போகும். முன்னாடியே ஆன்லைன்ல கட்டிடுங்க, ஏர்போர்ட் கவுன்டர்ல பெரும்பாலும் அதிகம்.

புக்ஸ் மாதிரி கனமானது நிறைய இருந்தா கப்பல். மத்தவங்க சரக்கோட ஒரே கன்டெய்னர்ல ஷேர் பண்றதுக்கு எல்சிஎல்னு பேரு, கன மீட்டர் கணக்குல ரேட் போடுவாங்க, அதைத்தான் சிபிஎம்னு சொல்றாங்க. பெரும்பாலும் குறைஞ்சது 1 சிபிஎம்க்கு காசு வாங்கிடுவாங்க, அந்தப் பெட்டி பத்து சேர்ந்தாலே 0.96தான், அப்போ ரெண்டு பெட்டி அனுப்பினாலும் பத்து அனுப்பினாலும் அந்த ரேட் ஒண்ணுதான். ரெண்டு மூணு பெட்டின்னா கப்பலை விட்டுட்டு தபால் பார்சல் விசாரிங்க.

கப்பல் கொட்டேஷன் கேக்கும்போது "வீட்டு வாசல் வரைக்கும் மொத்தம் எவ்வளவு"ன்னு எழுத்துல வாங்குங்க. ரொம்ப சீப்பா சொல்றது பல தடவை போர்ட் வரைக்கும்தான் இருக்கும், போர்ட் ஹேண்ட்லிங், கஸ்டம்ஸ் கிளியரன்ஸ், டெலிவரி எல்லாம் அந்தப் பக்கம் போன பிறகு தனித்தனியா வந்து விழும்.

ஸ்டெப் 5: பேக்கிங்

கன்டெய்னர் உள்ள வெயில்லயும் குளிர்லயும் மாறி மாறி ஈரம் கோர்த்து சொட்டும், அதனால துணியை நல்லா காய வச்சு, பிளாஸ்டிக் கவர்ல போட்டு, சிலிக்கா ஜெல் பாக்கெட்டும் போடுங்க. கனமான புக்ஸ் சின்ன பெட்டியில, சாப்பாட்டு தட்டுங்களை படுக்க வைக்காம நிக்க வைங்க. பெட்டியை ஆட்டிப் பாருங்க, உள்ள எதுவும் நகரக் கூடாது. ஒண்ணு முக்கியம், நீங்களே கட்டின பெட்டியில பொருள் உடைஞ்சா பல பாலிசியில கவர் ஆகாது, எடுக்குறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க.

ஸ்டெப் 6: லிஸ்ட்

பெட்டிக்கு நம்பர் போட்டு, உள்ள என்ன இருக்கு, எத்தனை, தோராய மதிப்பு எவ்வளவுன்னு எழுதுங்க, மொட்டையா "சாமான்"னு எழுதினா கஸ்டம்ஸ்ல நின்னுடும். குடி மாறி வர்றவங்களோட பயன்படுத்தின பொருளுக்கு பல நாடுகள்ல வரி கிடையாது, ஆனா 6 மாசமோ ஒரு வருஷமோ நீங்க வச்சிருந்திருக்கணும்னு கண்டிஷன் இருக்கும், அதனால டேக் பிரிக்காத புதுசை இதோட கலக்காதீங்க. தந்தம், ஆமை ஓடு இருக்கிற பழைய பொருளுக்கு பல நாடுகள்ல தனி பர்மிட் வேணும், சில இடத்துல அனுப்பவே முடியாது. விதை, இறகு, மண் ஒட்டின ஷூ, பதப்படுத்தாத மரத்துல செஞ்ச பொருள் இதுக்கெல்லாம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல ரொம்ப கறார், குழந்தையோட ஷூவா இருந்தாலும் அடிப்பகுதியை பிரஷ் போட்டு தேய்ச்சு கழுவி வைங்க.

பெட்டி வந்து சேர்ந்ததும் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி நாலு மூலையையும் பாருங்க, நசுங்கி இருந்தா அந்த பேப்பர்லயே எழுதி போட்டோ எடுத்துக்கோங்க. களைப்பா இருந்தாலும் அன்னைக்கே திறந்துடுங்க, உள்ள உடைஞ்சிருந்தா சொல்றதுக்கு சில நாள்தான் டைம் கொடுப்பாங்க.