செவ்வாயில் நீங்கள் கேட்கும் இடத்தைப் படம் எடுக்க வைப்பது எப்படி?

கல்லடியில் ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடும் சாமத்திய வீடும்தான் சோறு போடுகின்றன. ஆனால் எனக்கு ஆசை பிடித்த கமெரா செவ்வாயைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2006 இல் அங்கே போய்ச் சேர்ந்த மார்ஸ் ரிகனைசன்ஸ் ஓர்பிட்டர் என்ற நாசா விண்கலத்தில் இருக்கும் ஹைரைஸ். 'இந்த இடத்தை எடுங்கள்' என்று யாரும் அதற்குக் கேட்டு அனுப்பலாம். 2010 இல் இருந்து ஹைவிஷ் என்ற இணையத்தளம் அதற்காகவே இருக்கிறது. காசு கேட்க மாட்டார்கள்.

கமெரா வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் கேட்பதும் சரியாக வரும். கலம் தரைக்கு மேலே செக்கனுக்கு மூன்று கிலோமீற்றருக்கும் கூடுதலாக ஓடுகிறது. அந்த ஓட்டத்திலேயே படம் வரி வரியாகச் சேர்கிறது. ஒரு வரிக்குக் கிடைப்பது பத்தாயிரத்தில் ஒரு செக்கன்கூட இல்லை. அங்கே வெயிலும் நம் வெயிலில் பாதிக்குக் குறைவு. அதனால் ஒரே கீற்றைச் சென்சரின் 128 வரிசைகள் வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து, கிடைத்த ஒளியையெல்லாம் கூட்டிக்கொள்கின்றன. மண்டப இருட்டில் கமெராவின் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணரும் திறனை, ஏற்றி அல்லாடுகிற எனக்கு இதில் பொறாமைதான்.

படம் சுமார் 6 கிலோமீற்றர் அகலம். படத்தின் ஒரு புள்ளி (பிக்சல்) தரையில் 25 முதல் 30 சென்ரிமீற்றர். கல்லடிப் பாலத்தில் நிற்கும் ஆட்டோ பத்துப் புள்ளி நீளத்துக்கு விழும், ஓட்டுகிறவர் விழமாட்டார். நிறம் நடுவில் ஒரு கிலோமீற்றர் சொச்சத்துக்கு மட்டுமே இருந்தது, 2023 இல் நடுச் சென்சர்களில் ஒன்று பழுதானபின் அதுவும் ஒடுங்கிவிட்டது, ஆகவே உங்களுக்கு வேண்டியதை நடுவில் வையுங்கள். அகச்சிவப்பையும் கலந்து செய்த நிறம் அது. நீல மணலைக் கண்டு மயங்க வேண்டாம்.

பெயர்போன இடங்களைக் கேட்காதீர்கள், அவற்றை எடுத்துத் தள்ளியாகிவிட்டது. அதே கலத்தின் சிரிஎக்ஸ் கமெராப் படங்களில் ஒரு புள்ளி 6 மீற்றர். அவற்றில் சரியாகத் தெரியாமல் உறுத்துகிற ஒன்றைத் தேடுங்கள்: பள்ளத்தின் உட்சரிவில் ஓடும் ஓடை, பாறை உருண்ட தடம். காரணம் எழுதும் இடத்தில் 'அழகாக இருக்கும்' எடுபடாது. 'பழைய படத்தில் இல்லாத கோடு, புதிதா?' என்பது போல ஒரு கேள்வியை ஆங்கிலத்தில் இரண்டு வரியில் எழுதினால் போதும். செவ்வாயின் தென்பாதியில் வசந்தமும் கோடையும் தூசிக் காலம், படம் மங்கும். 2018 இல் கிரகம் முழுவதையும் தூசி மூடியது. அப்புறம் பொறுமை; வருடக்கணக்காகலாம், எடுக்காமலே விடவும் கூடும்.

படம் வந்தால் முழுக்கோப்பில் உடனே கை வைக்காதீர்கள். நூற்றுக்கணக்கான எம்பி இருக்கும், இரவு டேட்டாவுக்கு விடுங்கள். முதலில் வெளிச்சம் வரும் பக்கத்தைப் பாருங்கள். கலம் கடப்பது அந்த இடத்துப் பிற்பகல் மூன்று மணியளவில். துருவப் பக்கம் தவிர, வரைபடத்துக்கு ஒழுங்குபடுத்திய படங்களில் வடக்கு மேலே, எனவே வெயில் இடப்பக்கம். பள்ளம் மேடாகத் தெரிந்தால் படத்தை வலப்பக்கமாகக் கால்வட்டம் திருப்புங்கள். வெளிச்சம் மேலிருந்து வந்ததும் கண் வழிக்கு வந்துவிடும்.

உயரம் வேண்டுமா? நிழலை அளவிடுங்கள். சூரியன் அடிவானிலிருந்து 30 பாகையில் இருக்க, ஒரு பாறையின் நிழல் 12 புள்ளி என்று வையுங்கள். புள்ளிக்கு 25 சென்ரிமீற்றர் என்றால் நிழல் 3 மீற்றர், 30 பாகைக்குரிய tan பெறுமானமான 0.58 ஆல் பெருக்கப் பாறை ஏறத்தாழ 1.7 மீற்றர். சரிவில் இந்தக் கணக்குப் பிசகும். அங்கே வேறொரு கோணத்தில் எடுத்த இரண்டாவது படமும் வேண்டும், அதையும் விண்ணப்பத்திலேயே கேட்டு வையுங்கள்.