மூட்டையில் 20, உள்ளே 13

கொடுங்கையூரில் எனக்கு ரெண்டு மாடு. புதுத் தீவனம் போட்டதிலிருந்து லட்சுமி ரெண்டு லிட்டர் குறைத்துவிட்டாள். ஒரு பிடியைத் தண்ணீரில் ஊறவைத்தேன். பாதிக்கு மேல் உமி மிதந்தது. மூட்டையிலோ புரதம் 20% என்று அச்சு.

"பால் விக்கிற ஆளு, நீ நுகர்வோர் கிடையாதுப்பா" என்றார் கடைக்காரர். நானும் ஒரு வாரம் நம்பித் தொலைத்தேன். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவனும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான்.

நல்லவேளை, பில்லும் பிரிக்காத ஒரு மூட்டையும் இருந்தன. (பிரித்த மூட்டை என்றால் 'நீயே கலந்தது' என்பார்கள்.) ஆய்வக அறிக்கையில் புரதம் 13. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் சொன்னேன். கம்பெனி வாய் திறக்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். சரக்கு விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமில்லை. நோட்டீஸ் போய்ச் சேர்ந்த அதே வாரம் கம்பெனி ஆள் வாசலில். மூட்டைக் காசோடு பால் நட்டத்தையும் எண்ணி வாங்கிய பிறகுதான் சமரசத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்.