பழைய வண்டிக்குப் புது ஹீட் மீட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். செங்கல்லோ சிமென்ட் மூட்டையோ ஏற்றிய பழைய லாரி, சின்ன கியரில் முனகிக்கொண்டே அவற்றை ஏறுகிறது. வேகம் இல்லாததால் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று போதாது; இன்ஜினுக்கோ முழு உழைப்பு. அந்த நேரத்தில் தண்ணீரின் சூட்டைச் சொல்ல வேண்டிய முள், பல பழைய வண்டிகளில் செத்துப்போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

ஆகவே புதிதாக ஹீட் மீட்டர் பொருத்த நினைப்பவர்களைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சி. பொருத்தியிருக்கும் விதத்தைக் கண்டால்தான் கவலை. மீட்டரே இல்லாத ஓட்டுநர் காதையும் மூக்கையும் நம்பி எச்சரிக்கையாக ஓட்டுவார். சூட்டைக் குறைத்துக் காட்டும் மீட்டர் இருந்தால், ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையில் இருக்கும் அடைப்புத் தகடு) போகும்வரை அதையே நம்பி மிதிப்பார்.

பெரும்பாலான தவறுகள் குறைத்துக் காட்டுவதில்தான் போய் முடிகின்றன. வழக்கமான மின்சார மீட்டரின் சென்சாரில், சூடு ஏற ஏற மின்தடை குறையும். தடை குறைந்தால் முள் ஏறும். இடையில் துருவோ, தளர்ந்த இணைப்போ, சரியில்லாத எர்த்தோ (மின்சாரம் வண்டியின் உலோக உடல் வழியே திரும்பும் இணைப்பு) வந்து தடையைக் கூட்டினால், இன்ஜின் குளிர்ந்திருப்பதாக மீட்டர் எடுத்துக்கொள்ளும்.

காப்பித் தோட்டத்து ஜீப் ஒன்று இப்படித்தான் வந்தது. புது மீட்டரின் முள் 60ஐத் தாண்டவில்லை. ரேடியேட்டரோ கையை வைக்க முடியாத கொதிப்பில் இருந்தது. சென்சாரைக் கழற்றினேன். தண்ணீர் கசியக் கூடாது என்று மரையில் வெள்ளை டேப்பை நான்கைந்து சுற்று சுற்றியிருந்தார்கள். ஒற்றை வயர் சென்சாருக்கு அந்த மரைதான் எர்த். டேப்பை உரித்து, துருவைத் தேய்த்து, செம்பு வாஷர் போட்டு இறுக்கியதும், அதே இன்ஜினுக்கு முள் 90ஐத் தொட்டது.

பழைய சென்சாரை வைத்துக்கொண்டு மீட்டரை மட்டும் மாற்றுவது அடுத்த தவறு. எந்தச் சூட்டுக்கு எவ்வளவு தடை என்பது ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறுபடும். இரண்டையும் ஜோடியாகவே வாங்குங்கள்.

சென்சாரை வைக்கும் இடத்தில் எந்தச் சமரசமும் வேண்டாம். வேலை சுலபம் என்று ரேடியேட்டரின் கீழ்க்குழாயில் வைத்தால், ஆறிப்போன தண்ணீரைத்தான் அது அளக்கும். மேல்குழாயை வெட்டி நடுவில் உலோகத் துண்டு பொருத்துவதும் நல்லதல்ல. இருபுறமும் ரப்பர் இருப்பதால் அதற்குத் தனி எர்த் வயர் வேண்டும். தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறக்கும்வரை அங்கே சுடுதண்ணீரும் வராது. ஹெட்டிலோ, தெர்மோஸ்டாட் கூட்டின் இன்ஜின் பக்கத்திலோ இருக்கும் மரைத்துளையே சரியான இடம். சென்சாரின் நுனி எப்போதும் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும்.

பொருத்துவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். சென்சாரின் உடலுக்கு எர்த் கொடுத்து, நுனியைக் கொதிக்கும் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். சேலத்தில் முள் ஏறக்குறைய 99ஐக் காட்ட வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே 95 காட்டினால் மீட்டர் சரிதான், கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நல்ல ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் தண்ணீரின் கொதிநிலை 100க்கு மேலே போகிறது. மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. கீழே சேலத்தில் கவலைப்பட வேண்டாத அதே 95, மலை உச்சியில் கொதிநிலையாகிவிடும். மீட்டர் வாங்கும்போதே மூடியையும் மாற்றச் சொல்வது இதனால்தான்.

24 வோல்ட் லாரிக்கு 12 வோல்ட் மீட்டரை வாங்கிவந்து, இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்கிறார்கள். நாளடைவில் ஒரு பேட்டரி இளைக்கும், மற்றொன்று அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும். 24 வோல்ட் மீட்டரே கிடைக்கும்போது இது எதற்கு? மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் வயரிலிருந்து, சிறிய ஃப்யூஸ் வழியாக எடுங்கள். சைலன்சர் குழாய்ப் பக்கம் வயரைக் கொண்டுபோக வேண்டாம். தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் அவசியம். அது இல்லாமல் சென்சாருக்குப் போகும் வயர் அறுந்து தகட்டைத் தொட்டால் முள் ஒரேயடியாகச் சிவப்புக்குப் போய் ஓட்டுநரைப் பதறவைக்கும்.

மின்சாரமில்லாத, மெல்லிய உலோகக்குழாயோடு வரும் மீட்டர் என்றால் அந்தக் குழாயை வெட்டவோ மடக்கவோ கூடாது. மிச்சத்தைப் பெரிய வளையமாகச் சுருட்டிக் கட்டிவிடுங்கள்.

வெயில் ஊர் என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியும் பழக்கத்தையும் விட வேண்டும். முள் கீழே நிற்பது நன்றாகத்தான் தோன்றும். ஆனால் மலை இறங்கும்போது இன்ஜின் தேவைக்கு மேல் குளிர்ந்து தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். ஏற்றத்தில் சூடு இன்னும் கூடும்.

எல்லாம் முடிந்ததும் தண்ணீரை நிரப்பிக் காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு, வழக்கமான சுமையோடு ஒருமுறை மலை ஏறுங்கள். அடிவாரத்தில், பத்தாவது வளைவில், உச்சியில் முள் எங்கே நின்றது என்று உடன் வருபவர் ஒரு சீட்டில் குறிக்கட்டும். அந்தச் சீட்டை டேஷ்போர்டிலேயே ஒட்டிவையுங்கள். பின்னொரு நாள் அதே சுமைக்கு, அதே பத்தாவது வளைவில் முள் எட்டு டிகிரி கூடுதலாக நின்றால், ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. ஊர் திரும்பியதும் ஃபேன் பெல்ட்டிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்.