மஸ்கடைன் திராட்சையில் வீட்டு ஒயின் தயாரிக்கும் முறை

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் ஆகஸ்ட் தொடங்கி அக்டோபர் முற்பகுதி வரை உழவர் சந்தைகளுக்கு வருகிற மஸ்கடைன், நாம் பழகிய திராட்சையைப் போல அடர்ந்த கொத்தாகத் தொங்குவதில்லை. சில பழங்கள் மட்டுமே சேர்ந்த சிறு குலைகளில் காய்த்து, பழுத்ததும் ஒவ்வொன்றாகக் காம்பை விட்டு உதிர்ந்துவிடும். வெண்கல நிறப் பழங்களை அங்கே பொதுவாக ஸ்கப்பர்நாங் என்பார்கள்; வட கரோலினாவில் அதே பெயரில் ஓர் ஆறு ஓடுகிறது. அம்மாநிலம் 2001-இல் இதைத் தன் மாநிலப் பழமாக அறிவித்தது. ஒயினுக்காக அதிகம் பயிரிடப்படுபவை வெண்கல நிறக் கார்லோஸ், கருஞ்சிவப்பு நோபிள் என்னும் இரண்டு ரகங்கள்.

ஐரோப்பியத் திராட்சைக்கென எழுதப்பட்ட செய்முறை இதற்குப் பொருந்தாது. ஒயின் திராட்சையின் சாற்றில் சர்க்கரை 22 முதல் 24 சதவீதம் வரை இருக்கும். மஸ்கடைனில் பெரும்பாலும் 14 முதல் 16 சதவீதம்தான். ஆகவே வெளியிலிருந்து சர்க்கரை சேர்க்காவிட்டால் ஒயின் வலுவின்றி, விரைவில் கெட்டுவிடும். ஜாமைக் கெட்டியாக்கும் பொருளான பெக்டின் இதில் மிகுதி என்பதால் ஒயின் தெளிய மறுக்கும். தடித்த தோலும் விதையும் வரம்பு மீறிக் கசப்பை இறக்கும். கீழே சொல்லப்படும் வேலைகள் ஏறத்தாழ எல்லாமே இந்த மூன்று குணங்களைச் சமாளிப்பதற்காகத்தான்.

ஒரு காலன், அதாவது 3.8 லிட்டர் ஒயினுக்கு 3 கிலோ பழம் தேவைப்படும். பறித்த பிறகு திராட்சை மேலும் பழுக்காது என்பதால், தொட்டால் சற்றே நெகிழ்ந்து மணம் வீசுகிற பழங்களை மட்டும் எடுத்து, அழுகியவற்றையும் பூஞ்சை பிடித்தவற்றையும் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். கழுவிய பழங்களை இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்தால், உறையும் நீர் உள்ளே சதையின் திசுக்களைக் கிழித்துவிடும். பனி இளகியதும் கையால் அழுத்தினாலே போதும், வழுவழுப்பான சதை தோலிலிருந்து பிதுங்கி வெளியே குதிக்கும். மிக்ஸியில் போட்டு அரைப்பது கூடவே கூடாது. விதை உடைந்தால் அந்தக் கசப்பைப் பின்னர் எதனாலும் நீக்க முடியாது. கையுறை அணிவதும் அவசியம், ஏனெனில் இந்தச் சாற்றின் அமிலம் சற்று நேரத்திலேயே விரல்களில் அரிப்பை உண்டாக்கும்.

பிசைந்த பழத்தை நைலான் வலைப்பையில் கட்டி, உணவுத் தரப் பிளாஸ்டிக் வாளியில் வைத்து, 2 லிட்டர் தண்ணீரும், அதிலிருந்தே சிறிது எடுத்துக் காய்ச்சி நன்றாக ஆறவைத்த 750 கிராம் சர்க்கரையின் பாகும் சேர்க்க வேண்டும். பழத்தை மட்டும் அடுப்பில் ஏற்றாதீர்கள். சூட்டில் பெக்டின் மேலும் கரைந்து இறங்கி, கலங்கல் நிலைத்துவிடும். இப்போது, சாறு நீரைவிட எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் ஹைட்ரோமீட்டர் என்னும் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பாருங்கள். அளவு 1.090-ஐ ஒட்டி இருந்தால் ஏறத்தாழ 12 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். குறைந்தால் பாகும், கூடினால் தண்ணீரும் சேர்த்துச் சரிசெய்யலாம். பழத்தின் இனிப்பு தோட்டத்துக்குத் தோட்டம் மாறுவதால், செய்முறையில் எழுதியிருக்கும் கிராம் கணக்கைவிட (இங்கே நான் சொல்லும் 750 கிராமையும் சேர்த்துத்தான்) இந்தக் கண்ணாடிக் குழாய் காட்டும் எண்ணையே நம்ப வேண்டும் என்பது என் கருத்து.

காட்டு ஈஸ்டையும் பாக்டீரியாவையும் அடக்க கேம்டன் என்னும் சல்பைட் மாத்திரை ஒன்றைப் பொடித்துக் கலந்து, வாளியைத் துணியால் மூடுங்கள். 12 மணி நேரம் கழித்து பெக்டினைச் சிதைக்கும் பெக்டிக் என்சைம் அரைத் தேக்கரண்டியும், அதன்பின் இன்னொரு 12 மணி நேரம் கழித்து ஒரு தேக்கரண்டி ஈஸ்ட் ஊட்டமும் ஒயின் ஈஸ்டும் சேர்க்க வேண்டும். ரொட்டி ஈஸ்ட் வேண்டாம். பழத்திலுள்ள மாலிக் அமிலத்தில் ஒரு பகுதியைத் தானே உண்டு புளிப்பைக் குறைக்கும் லால்வின் 71பி என்னும் ஒயின் ஈஸ்ட் இப்பழத்துக்கு நன்றாகப் பொருந்தும்.

ஓரிரு நாளில் மெல்லிய சடசடப்புடன் நுரை எழுந்து, வலைப்பை மேலே மிதந்து வரும். அதை நாளுக்கு இருமுறை சுத்தமான கரண்டியால் உள்ளே அழுத்தி விடாவிட்டால், காற்றில் காயும் தோலின் மீது பூஞ்சையும் வினிகர்ப் பாக்டீரியாவும் பிடித்துக்கொள்ளும். 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏற்றது. ஐந்து நாள் முதல் ஒரு வாரத்துக்குள் பையை எடுத்து மென்மையாகப் பிழிந்துவிட வேண்டும். நிறம் கூடும் என்று நினைத்து மேலும் ஊறவிட்டால் கசப்புதான் கூடும்.

பிறகு கார்பாய் என்னும் குறுகிய கழுத்துள்ள பெரிய கண்ணாடிப் புட்டிக்கு மாற்றி, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக் மூடியைப் பொருத்துங்கள். வாயு வெளியேற வழியில்லாமல் இறுக மூடினால் பாத்திரம் வெடித்துவிடும். குமிழி அடங்கி அளவு 0.995-ஐ ஒட்டி நின்றதும், அடியில் தங்கிய வண்டலைக் கலக்காமல் மெல்லிய குழாயால் வேறு கார்பாய்க்கு இறக்கி, கழுத்து வரை நிரப்பி வைக்க வேண்டும். வண்டல் சேரச் சேர, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை இப்படி மாற்றினால், நான்கைந்து மாதத்தில் ஒயின் தெளிந்துவிடும்.

தென்மாநிலத்தார் மஸ்கடைன் ஒயினை இனிப்பாகவே விரும்புகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது, ஏனெனில் இந்தப் பழத்தின் தனி மணம் சிறிது இனிப்பு இருந்தால்தான் எடுபடும். ஆனால் தெளிந்த ஒயினில் அரைத் தேக்கரண்டி பொட்டாசியம் சார்பேட்டும் ஒரு கேம்டன் மாத்திரையும் கலந்து சில நாள் விட்ட பிறகுதான் சர்க்கரை சேர்க்க வேண்டும். சார்பேட் ஈஸ்ட் பெருகுவதைத் தடுக்குமே தவிர அதைக் கொல்லாது என்பதால், நொதிக்கும்போதே போட்டால் பயனில்லை, புட்டிக்குள் மீண்டும் நொதித்துத் தக்கை தெறிக்கும்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், வயது வந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலனும், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் இருந்தால் 200 காலனும் வரியின்றித் தயாரிக்க இடமளிக்கிறது, விற்கக் கூடாது. தமிழ்நாட்டிலோ உரிமமின்றி மது தயாரிப்பதே குற்றம்.

மஸ்கடைனின் நிறமி எளிதில் பழுப்பேறும் வகையைச் சேர்ந்தது. நோபிள் ஒயினை ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்காமல், இருட்டான குளிர்ந்த இடத்தில் வைத்து, புட்டியில் அடைத்த ஓரிரு ஆண்டுக்குள் நன்றாகக் குளிரூட்டிப் பரிமாறிவிடுங்கள்.