குடியை விடத் திணறும் நண்பருக்குத் துணை நிற்பது எப்படி?

"இன்னையோட விட்டுடு மச்சான்." பெங்களூரில், அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர்கள் பாசத்தோடு சொல்வது இது. தினமும் குடிப்பவரிடம் சொல்லக் கூடாததும் இதுதான். பழகிய உடம்புக்குச் சரக்கைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். மீண்டு வந்தவர்கள் பலர் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். நீங்கள் அங்கிருந்தே தொடங்குங்கள்.

படி 1: அளவைக் கேளுங்கள்

போதையில் இருக்கும்போது பேசிப் பயனில்லை. காலையில், தனியாக இருக்கும்போது கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர்? காலையில் கை நடுக்கம் நிற்க ஒரு 90 மில்லி பாக்கெட் தேவைப்படுகிறதா? முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா? கடைசி இரண்டில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றால், வீட்டில் வைத்து நிறுத்த முயலவே வேண்டாம்.

கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 2 நாட்களுக்குள் வரும். 2 முதல் 4 நாட்களுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாத உருவங்கள் தெரியும். காத்துக் கருப்பு என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தை இழக்காதீர்கள், உடனே 108. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி கொடுப்பதால் பயனில்லை, வாயில் எதையும் திணிக்கவும் கூடாது.

படி 2: மருத்துவரிடம் கூடவே போங்கள்

ஓசூர் சாலையில் உள்ள நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் போதைப் பழக்கச் சிகிச்சைக்கென்றே தனி மையம் இருக்கிறது. ஒரு நாள் விடுப்பு எடுத்து, பழைய மருந்துச் சீட்டுகளோடு காலையிலேயே போய்விடுங்கள். "போயிட்டு வா" என்று அனுப்பினால் பாதி வழியில் திரும்பிவிடுவார். நேரில் வரத் தயங்கினால் முதலில் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம். போதை மீட்புக்கான கட்டணமில்லா எண் 14446.

பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு வருவதில் ஆபத்து உண்டு. நெடுநாள் குடித்தவர்களுக்கு வைட்டமின் பி1, அதாவது தயாமின், குறைந்திருக்கும். அதைத் தராமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைப் பாதிப்பு மோசமாகலாம்.

சாப்பாட்டில் தெரியாமல் மாத்திரை கலக்கும் வேலை வேண்டவே வேண்டாம். குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிராம் மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் கொடுத்தால் மட்டுமே அது மருந்து.

படி 3: மாலை 6 முதல் 9 வரை

குடிக்கும் ஆசை அலை மாதிரி: ஏறும், உச்சிக்குப் போகும், பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் தணியும். உங்கள் வேலை அந்த அரை மணி நேரத்தைக் கடத்திவிடுவதுதான். மீண்டவர்கள் நான்கைக் கவனிக்கச் சொல்வார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. ஆகவே வேலை முடியும் நேரத்தில் போன் செய்யுங்கள். தர்ஷினியில் இரண்டு இட்லியும் ஒரு காபியும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு பேசுங்கள். மெட்ரோவிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் ஒயின் ஷாப் இருந்தால், பத்து நிமிடம் கூடினாலும் வேறு தெருவழியாக நடந்து வாருங்கள். சம்பள நாளன்றும் சனிக்கிழமையும் தனியாக விடாதீர்கள்.

"இனிமேல் வாழ்நாள் முழுக்கத் தொடமாட்டேன்" என்று சத்தியம் வாங்காதீர்கள். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) இயக்கம் "இன்று ஒரு நாளைக்கு மட்டும்" குடிக்காமல் இருக்கத்தான் கேட்கிறது. பெங்களூரிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. எந்த மொழியில் நடக்கிறது என்று கேட்டு, முதல் நாள் வாசல் வரை நீங்களே கூட்டிப் போங்கள்.

படி 4: பணமும் பொய்யும்

கையில் காசு கொடுக்காதீர்கள். வாடகை பாக்கி என்றால் வீட்டுக்காரருக்கும், கரண்ட் பில் என்றால் பெஸ்காமுக்கும் நேரடியாகக் கட்டுங்கள். அலுவலகத்துக்கு "அவனுக்குக் காய்ச்சல்" என்று நீங்கள் சொல்லாதீர்கள். மனசு கேட்காதுதான், ஆனால் விளைவு அவரைத் தொடாதவரை சிகிச்சை ஏன் வேண்டும் என்று அவருக்குப் புரியாது.

படி 5: மறுபடி குடித்துவிட்டால்

இது அடிக்கடி நடப்பதுதான். "ஏன்டா குடிச்ச?" என்று கேட்டால் பொய்தான் பதிலாக வரும். எப்போது, எங்கே, யாரோடு, அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அந்த பதிலைக் கொண்டு படி 3-ஐ மாற்றுங்கள். இடைவெளிக்குப் பிறகு உடம்பின் தாங்குசக்தி குறைந்திருக்கும், பழைய அளவே ஆளைச் சாய்த்துவிடும். எழுப்பியும் எழவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். "செத்துடலாம்போல இருக்கு" என்று சொன்னால் அன்று இரவு அவரோடு தங்குங்கள், அங்கிருந்தே 14416-ஐ அழையுங்கள். அது 24 மணி நேரமும் இயங்குகிறது.